வெளிநாட்டுக்கு முக்கியமான பேப்பர் அனுப்ப வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மேலப்பாளையம், கடையநல்லூர், திசையன்விளை, நாங்குநேரி என்று எந்தப் பக்கம் எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர் இது. அதனால் வாரத்தில் நாலைந்து பேராவது கையில் ஒரு கவரோடு வந்து, "அண்ணாச்சி, இதை மகனுக்கு அனுப்பணும், பத்திரமாப் போய்ச் சேருமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரிஜினலைத்தான் அனுப்ப வேண்டுமா?

முதலில் இதைத்தான் தீர்க்க வேண்டும். "சர்டிபிகேட் அனுப்பச் சொன்னான்" என்று சொல்லும் பலரிடம், மகனுக்குப் போன் போட்டு, அவருடைய கம்பெனியோ அலுவலகமோ அனுப்பிய மெயிலை அப்படியே வாசிக்கச் சொல்வேன். பாதிப் பேருக்கு ஸ்கேன் காப்பியே போதும் என்றுதான் அதில் இருக்கும்.

ஒரிஜினல்தான் வேண்டும் என்றால் அடுத்த கேள்வி: இது தொலைந்தால் திரும்ப வாங்க எத்தனை நாள், எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும்? எப்படி அனுப்புவது, எவ்வளவு செலவழிப்பது என்பதை அந்தப் பதிலை வைத்து முடிவு செய்யுங்கள். காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அரசின் இணையதளத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இப்போது வரும் பிறப்புச் சான்றும் அப்படித்தான். க்யூஆர் கோடோடு இருப்பதால் அதை அங்கேயே பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் கூரியர் காசு வீண். கிரயப் பத்திரத்தின் ஒரிஜினல் ஊரை விட்டுப் போகவே வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், அதை அனுப்புங்கள்.

மார்க் ஷீட், டிகிரி சர்டிபிகேட் விஷயம் வேறு. அது தொலைந்தால் போலீஸில் காணவில்லை என்று எழுதி வாங்கி, படித்த பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆள் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் கஷ்டம். இதற்குத்தான் நல்ல கூரியர் வேண்டும். அதிலும் கேட்டதை மட்டும் அனுப்புங்கள். டிகிரி கேட்டால் டிகிரி. புரொவிஷனல், டிசி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் என்று கோப்பையே தூக்கிக் கவரில் போடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? ஜெராக்ஸ் போதாதா?

இரண்டும் எடுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சீல், கையெழுத்து, பதிவு எண் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். எதுவும் எழுதாத பின்பக்கத்தையும் சேர்த்து, கலரில், 300 டிபிஐ அளவில் ஸ்கேன் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது பீரோவோடு சான்றிதழ்கள் நனைந்து போன வீடுகள் எத்தனையோ. மெயிலில் ஸ்கேன் வைத்திருந்தவர்களுக்கு டூப்ளிகேட் மனுவில் பதிவு எண்ணாவது எழுத முடிந்தது. தபாலில் போனாலும் வீட்டில் இருந்தாலும் ஸ்கேன் வேண்டும் என்று அன்று முதல் எல்லாரிடமும் சொல்கிறேன்.

அட்டெஸ்டேஷன், அப்போஸ்டில் என்கிறார்களே, அனுப்பிய பிறகு அங்கே போட்டுக்கொள்ளலாமா?

முடியாது. சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு போட்டுத் தரும் முத்திரைகள் இவை. இந்தியாவில் வாங்கிய சான்றிதழுக்கு இந்தியாவில்தான் போட வேண்டும். இது தெரியாமல் டிகிரியைத் துபாய்க்கு அனுப்பி, திருப்பி வரவழைத்து, சென்னைக்கு அனுப்பி, மறுபடியும் துபாய்க்கு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காகிதத்துக்கு நாலு பயணம், நாலு முறை வயிற்றில் புளி.

எந்த நாடு என்பதைப் பொறுத்து இரண்டு வழி இருக்கிறது. அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் அதில் இருக்கின்றன. சவூதி 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் வந்தன. இந்த நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே போகிற சான்றிதழுக்கு அமைச்சகத்தின் முத்திரைக்கு மேல் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

எதுவானாலும் மாநில அரசின் சரிபார்ப்புதான் முதல் படி. கல்விச் சான்றுக்குச் சென்னைத் தலைமைச் செயலகம். அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். அமைச்சகம் நேரடியாக நம்மிடம் வாங்குவதில்லை, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் வாங்கும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகத்தின் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் சொன்னால் மீதி எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

லேமினேஷன் செய்த சான்றிதழில் முத்திரை போட மாட்டார்கள். பிரித்துக்கொண்டு வரச் சொல்வார்கள், பிரிக்கும்போது எழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பிள்ளையின் சான்றிதழ் கெடக்கூடாது என்று ஆசையாய் லேமினேட் பண்ணச் சொல்லி வருவார்கள். என் கடையில் மெஷின் இருக்கிறது, ஆனாலும் ஒரிஜினலுக்குப் போட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

தபாலா, கூரியரா?

தபாலில் அனுப்பினால் வெளிநாட்டு ஸ்பீடு போஸ்ட். இஎம்எஸ் என்பதும் அதுதான். ரிஜிஸ்தர் தபால் என்றே கேட்டுப் பழகிய பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். உள்நாட்டு ரிஜிஸ்தர் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் கவுன்டரில் "வெளிநாட்டுக்கு ஸ்பீடு போஸ்ட், உள்ளே டாக்குமெண்ட்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் நிற்பதைவிடப் பாளை, திருநெல்வேலி, தென்காசித் தலைமை அஞ்சலகத்துக்கே வந்துவிடுவது நல்லது. ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போடும் சாதாரண ஏர்மெயிலில் மட்டும் ஒரிஜினலை அனுப்பாதீர்கள். வழியில் எங்கே இருக்கிறது என்று கேட்க அதற்கு எண்ணே கிடையாது.

தனியார் கூரியர் வேகம். வளைகுடா நாடுகளுக்கு நாலைந்து நாளில் போய்விடும், ஸ்பீடு போஸ்ட்டுக்குப் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். காசு கூரியருக்கு அதிகம்.

என் கணக்கு இது. சான்றிட்ட நகல், திரும்ப வாங்கக்கூடிய சான்று என்றால் ஸ்பீடு போஸ்ட் தாராளமாகப் போதும். டிகிரி ஒரிஜினல், முத்திரையெல்லாம் வாங்கி முடித்த சான்று என்றால் கூரியர். அந்த முத்திரைகளுக்குச் செலவழித்த நாளையும் பணத்தையும் நினைத்தால் கூரியர் காசு பெரிதாகத் தெரியாது.

பக்கத்துத் தெருவில் இருக்கும் கூரியர் கடையில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அது கம்பெனியின் சொந்த அலுவலகமா, முகவரா என்று கேளுங்கள். முகவர் கடைகள் நம் கவரை வாங்கி வேறொரு கம்பெனி வழியாக அனுப்புவார்கள். அது தப்பில்லை. யார் வழியாக, எந்த டிராக்கிங் எண்ணில் போகிறது என்பது நம் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிஹெச்எல் என்றால் 10 இலக்கம், ஃபெட்எக்ஸ் என்றால் 12 இலக்கம். அந்தக் கம்பெனி இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்த்து, எண் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

சில வருஷத்துக்கு முன் என் தங்கை மகனின் சான்றிதழை ஒரு முகவரிடம் கொடுத்தேன். கையால் எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்து, "எண் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வரும்" என்றார். ஆறு நாள் வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் கவர் அதே கடை மேஜையில், மற்ற கவர்களுக்கு அடியில் கிடந்தது. தொலையவில்லை, அதுவரை நல்லது. ஆனால் அந்த ஆறு நாளும் என் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. அதிலிருந்து எண் கைக்கு வராமல் கடையை விட்டு நான் கிளம்புவதில்லை.

அனுப்புகிறவரின் ஆதார் நகல் போன்ற அடையாளச் சான்றைக் கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். நகலின் மேல் "கூரியருக்காக மட்டும்" என்றும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

முகவரி எழுதுவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. போய்ச் சேராமல் திரும்பி வருகிற கவர்களில் முக்கால்வாசி முகவரியால்தான் திரும்புகின்றன.

நம் ஊர் இனிஷியல் வழக்கம் முதல் சிக்கல். இங்கே எஸ். இசக்கிமுத்து என்று எழுதுவோம். பாஸ்போர்ட்டில் இசக்கிமுத்து சுடலைமாடன் என்று அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். டெலிவரிக்கு வருகிறவர் அடையாள அட்டை கேட்டால் இரண்டும் பொருந்தாது. அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

அடுத்தது, நாட்டுக்கு நாடு முகவரியே வேறு மாதிரி. அமீரகத்தில் தபால் பி.ஓ. பாக்ஸுக்குத்தான் போகும். அந்த எண் பெரும்பாலும் கம்பெனியுடையதாக இருக்கும், ஆகவே கம்பெனி பெயரும் வேண்டும். கூரியருக்கோ பி.ஓ. பாக்ஸ் பயன்படாது, கட்டடப் பெயர், தெரு, மொபைல் எண் வேண்டும். கத்தாரில் மண்டல எண், தெரு எண், கட்டட எண் என்று மூன்று எண். வாசலில் நீலப் பலகையில் இருக்கும், மகனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சவூதியில் நாலு எழுத்தும் நாலு இலக்கமும் சேர்ந்த சுருக்க முகவரி உண்டு. சிங்கப்பூரில் 6 இலக்க அஞ்சல் எண் ஒன்றே கட்டடத்தைக் காட்டிவிடும், ஆனால் மாடியும் வீட்டு எண்ணும் விடுபடக்கூடாது.

ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசி வரியில் நாட்டின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மொபைல் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு போடுங்கள். அப்புறம், அனுப்புகிறவர், பெறுகிறவர் இரண்டு பேர் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கவருக்கு உள்ளேயும் வையுங்கள். மேல் கவர் கிழிந்தாலும் உள்ளே ஆள் யார் என்று தெரியும்.

எப்படிப் பேக் பண்ணுவது?

சான்றிதழை மடிக்காதீர்கள். ஸ்டேப்ளர் பின், குண்டூசி, ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். பின் துருப்பிடிக்கும், ரப்பர் பேண்ட் வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் உறை ஒன்றில் தாளை வைத்து, அதன் வாயை டேப் போட்டு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது ரொம்ப முக்கியம். முன்னும் பின்னும் ஒரு அட்டை. வேட்டி, சட்டைப் பெட்டியில் வரும் அட்டையை வெட்டி வைத்தாலே போதும். அதன் மேல் துணி வைத்த கவர். வாயை வீட்டில் ஒட்டிக்கொண்டு வராதீர்கள். உள்ளே என்ன என்று கவுன்டரில் பார்க்கக் கேட்டால் பிரிக்க நேரிடும். டேப்பைக் கையில் கொண்டுபோய், அவர்கள் பார்த்த பிறகு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டு, அந்தக் கையெழுத்து தெரிய ஒரு போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே கவர் போனதும் அந்தப் போட்டோவோடு ஒத்துப் பார்ப்பார்.

கவருக்குள் பணம் வைக்காதீர்கள். "செலவுக்கு இருக்கட்டும்" என்று நோட்டு வைப்பது விதிப்படி தப்பு, கவரும் அதனால் நின்றுவிடும்.

ஊர்ப் பையன் ஒருவன் துபாய் போகிறான். அவனிடம் கொடுத்துவிடலாமா?

நம்பிக்கையான ஆள் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை என்றுகூடச் சொல்வேன். திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ ஏறினால் அன்றைக்கே கையில் சேர்ந்துவிடும். ஆனால் அவருக்கும் நாம் நியாயமாக நடக்க வேண்டும். ஒட்டிய கவரைக் கொடுக்காதீர்கள். திறந்து காட்டி, உள்ளே இருப்பதை எண்ணிக் கொடுங்கள். விமான நிலையத்தில் கேள்வி கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஸ்கேனும் பெறுகிறவரின் எண்ணும் அவர் போனில் இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள்.

அல்வாவோடு மட்டும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு பெரியம்மா மகனுக்குக் கொடுத்துவிட்ட பையில் அல்வாப் பொட்டலத்துக்கு அடியில் மார்க் ஷீட் இருந்தது. வழியில் நெய் இறங்கிவிட்டது. நெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி போல் ஆகி, பின்பக்கத்துச் சீல் முன்பக்கத்தில் தெரிந்தது. அந்தச் சான்றிதழை மகன் கொடுத்த அலுவலகம் ஏற்கவில்லை.

பாஸ்போர்ட்டை அனுப்பலாமா?

இயன்றவரை வேண்டாம். பாஸ்போர்ட் சட்டம் 1967-ன்படி அது இந்திய அரசின் சொத்து, நம் பெயரில் இருந்தாலும். கூரியர் கம்பெனிகளும் அதை மற்றக் காகிதம் மாதிரி வாங்குவதில்லை, காரணக் கடிதமும் அத்தாட்சியும் கேட்பார்கள். உரியவர் அங்கே, பாஸ்போர்ட் இங்கே என்ற நிலை வந்துவிட்டால், முதலில் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்டுவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

ஒரு சான்றில் திருநெல்வேலி மாவட்டம், இன்னொன்றில் தென்காசி மாவட்டம் என்று இருக்கிறதே?

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 1986-ல் தூத்துக்குடிப் பகுதி சிதம்பரனார் மாவட்டமாகப் பிரிந்தபோது, நம்முடையது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனது. 1997-ல் மறுபடி திருநெல்வேலி. ஆக, 1990-ல் கடையநல்லூரில் பிறந்தவர் இடம் மாறாமலே மூன்று மாவட்டப் பெயரைச் சுமக்கிறார். தாத்தா காலத்து ஆங்கிலச் சான்றில் தின்னவேலி, பாளங்கோட்டா என்ற வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டல் வேறு இருக்கும்.

வெளிநாட்டு அதிகாரிக்கு இது வேறு வேறு ஊராகத்தான் தெரியும். கேள்வி வந்த பிறகு பதில் எழுதுவதைவிட, ஊர் ஒன்றே, மாவட்டப் பெயர் மாறிய வருஷங்கள் இவை என்று ஆங்கிலத்தில் நாலு வரி டைப் செய்து சான்றுகளோடு வைத்துவிடுங்கள். நோட்டரி கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது.

டிராக்கிங்கில் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. தொலைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் அந்த நாட்டில் எந்த நாள் விடுமுறை என்று பாருங்கள். சவூதி, கத்தார், குவைத்தில் வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. ரம்ஜான் மாதத்தில் வேலை நேரமே குறைவு.

ஸ்பீடு போஸ்ட் எண் 13 இடம் கொண்டது. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. உலகத் தபால் அமைப்பு முழுவதற்கும் இதே முறைதான். அதனால் கவர் இந்தியாவை விட்டுப் போன பிறகு அதே எண்ணை எமிரேட்ஸ் போஸ்ட், சிங்போஸ்ட் என்று போய்ச் சேரும் நாட்டின் தளத்தில் போடுங்கள். நம் தளத்தில் தெரியாதது அங்கே தெரியும். பெறுகிறவரையே அங்கே போன் செய்யச் சொல்வது இன்னும் வேகம். ஒரு வாரத்துக்கு மேல் அசையவில்லை என்றால் ரசீதோடு புகார் கொடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

"உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்று போன் வந்தது. என்ன செய்ய?

உடனே போனை வையுங்கள். கூரியர் கம்பெனி பெயரைச் சொல்லி ஆரம்பித்து, போலீஸ், சிபிஐ என்று வீடியோ காலில் வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. அன்றுதான் மகனுக்கு நிஜமாகவே கவர் அனுப்பியிருப்பார்கள், அதனால் பெரியவர்கள் பதறி நம்பிவிடுகிறார்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள். தனியாக இருக்கிற அம்மா, அப்பாவிடம் கவர் அனுப்பும் அன்றே இதைச் சொல்லி வையுங்கள்.

மகன் அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்புகிறான். நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

இடம் விற்க, வீடு கட்ட என்று இது அடிக்கடி வருகிறது. வெளிநாட்டில் இருப்பவர் சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பினால் செல்லாது. அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு, அவர் அத்தாட்சி செய்திருக்க வேண்டும். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 33-ம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. தூதரகத்தில் போடுவதே நல்லது, நம் ஊர் அலுவலகங்களில் கேள்வி குறையும். அனுப்புமுன் வரைவை இங்குள்ள பத்திர எழுத்தரிடம் காட்டச் சொல்லுங்கள். சர்வே எண் ஒன்று தப்பாக இருந்தால் மறுபடி தூதரகம், மறுபடி கூரியர்.

இங்கே வந்த பிறகு அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். இதற்குக் கெடு உண்டு. பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதம் என்று முத்திரைச் சட்டத்தின் 18-ம் பிரிவில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட தேதியை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. வந்து சேர்ந்த தேதிதான் கணக்கு.

அந்தத் தேதிக்கு ஆதாரம் எது? பத்திரம் வந்த கவர்தான். போன வருஷம் ஒரு ஆச்சி பத்திரத்தை மட்டும் மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். கவர் எங்கே என்று கேட்டேன். "அது கிழிஞ்சு போச்சுன்னு அடுப்புல போட்டுட்டேன் ஐயா" என்றார். மகனுக்குப் போன் போட்டு, கூரியர் கம்பெனியிடமிருந்து டெலிவரி தேதி உள்ள சீட்டை மெயிலில் வரவழைத்து, அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். அன்று முழுவதும் அதற்கே போனது.

கவர் வந்ததும் ஓரமாகக் கத்தரியுங்கள், ஒட்டியிருக்கும் சீட்டு கிழியக்கூடாது. வந்த தேதியைக் கவரின் மூலையில் பேனாவால் எழுதி, பத்திரத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்து, அந்த வாரத்திலேயே பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.